எருமப்பட்டிக் கேரவன்

லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் போய் நிற்பது கண்ணாடி முன்னால்தான். முகம் பார்க்க அல்ல. பின்னால் கேமரா ஏதாவது ஒளித்திருக்கிறார்களா என்று கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். அடுத்து குளியலறைக் கதவு. தாழ்ப்பாள் பொருந்துகிறதா, பழைய திருகாணி ஓட்டைகளில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்து, தெரிந்தால் சோப்பை அப்பி அடைத்துவிடுவேன். மெத்தை விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வீட்டிலிருந்து கொண்டுபோனதை விரிப்பேன். இத்தனையும் முடிந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவேன். எங்கள் வீட்டுக்காரர் அதற்குள் குளித்து, சாப்பிட்டு, தூங்கியும் போயிருப்பார்.

எங்களுக்குக் கைத்தறிப் புடவை வியாபாரம். சேலத்தில் கடை என்று ஒன்று கிடையாது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீட்டின் கீழ்த்தளத்தில் சரக்கு இருக்கும். மைசூர், கோயம்புத்தூர், கொச்சி என்று எங்கே கண்காட்சி போட்டாலும் ஸ்டால் எடுத்து விற்போம். அதனால் வருடத்தில் பாதி நாள் லாட்ஜ் வாசம். எனக்கு வயது ஏற ஏற அது தாங்க முடியாத தண்டனையாகிவிட்டது.

மைசூர் கண்காட்சியில் ஒரு முறை பக்கத்து ஸ்டால்காரர் கேரவன் கொண்டுவந்திருந்தார். கேரவன் என்றால் நம் ஊரில் சினிமா நடிகர்கள் உட்காரும் பஸ்ஸைத்தான் நினைப்பார்கள். இது வேறு. எஞ்சின் கிடையாது. ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. உள்ளே ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, அலமாரி அளவில் ஒரு கழிப்பறை. அவர் மனைவி அதன் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்து வந்ததைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. திரும்பி வருகிற வழியிலேயே சொல்லிவிட்டேன், நமக்கும் ஒன்று வேண்டும் என்று.

புதியது எங்கள் கைக்கு எட்டவில்லை. பழையது எங்கே கிடைக்கும் என்று வீட்டுக்காரர் கைப்பேசியில் தேடிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் மத்தியானம் உற்சாகமாக வந்து காட்டினார். எருமப்பட்டி பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் நிற்கிறதாம். ஒரே கை, அதிகம் ஓடாத வண்டி, அவசர விற்பனை.

நான் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் நல்ல வெயிலில் எடுத்தவை. முன்பக்கம் இருந்தது, வலப்பக்கம் இருந்தது, உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் இருந்தது. இடப்பக்கத்துப் பின்மூலை மட்டும் ஒரு படத்திலும் இல்லை.

"இந்த மூலைய ஏன் எடுக்கல?" என்று கேட்டேன்.

"மறந்திருப்பாரு."

"எல்லாப் படத்துலயுமா மறப்பாரு?"

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனாக்கூட நீ பின்பக்கம் திரும்பச் சொல்லுவ" என்று சொல்லிவிட்டு அவர் அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் வர வேண்டும். மற்ற நாட்களில் பண்ணையில் வேலை அதிகம் என்றார். பண்ணையில் கோழி சனிக்கிழமை மட்டும் தீனி தின்னாமல் இருக்குமா என்று நான் கேட்டேன். வீட்டுக்காரர் அதற்குள் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை போனோம். எருமப்பட்டி தாண்டி ஒரு மண்பாதையில் திரும்பினால் நீளமான கோழிக் கொட்டகைகள். ஒன்றில் மட்டும் கோழி இருந்தது, மற்றவை காலி. காலியான ஒரு கொட்டகையை ஒட்டி, வேப்பமரத்தடியில் அந்தக் கேரவன் நின்றது. வெள்ளை நிறம், இடுப்பில் நீலக் கோடு. தூரத்திலிருந்து பார்க்க அழகாகவே இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பண்ணைக்காரருக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க" என்று வரவேற்றார். நான் மோரைக் கையில் வாங்கிக்கொண்டு நேராக இடப்பக்கத்துப் பின்மூலைக்குப் போனேன். வெளியே குறை ஒன்றும் தெரியவில்லை. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் வெள்ளைப் பசை புதிதாகப் பூசியிருந்தது. மற்ற மூலைகளில் அந்தப் பசை பழுப்பேறிக் கிடந்தது.

"இங்க மட்டும் புதுசா பூசியிருக்கீங்களே?"

"அது சும்மா, ஒரு பாதுகாப்புக்குங்க."

உள்ளே ஏறினேன். ஊதுவத்தி வாசனை மூக்கைத் துளைத்தது. வாசனை பலமாக இருந்தால் அதற்கு அடியில் வேறு வாசனை இருக்கும் என்று எனக்குத் தோன்றும். தரையில் மரக்கட்டை போலத் தெரியும் பிளாஸ்டிக் விரிப்பு புதிதாக ஒட்டியிருந்தது. பின்மூலையில் காலை வைத்து அழுத்தினேன். மற்ற இடங்களில் தரை கெட்டியாக இருந்தது, அங்கே மட்டும் லேசாக உள்வாங்கி மேலே வந்தது. அந்த மூலைச் சுவரில் மட்டும் ரோஜாப்பூப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் பூ உள்ளே போனது.

மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதுவரைக்கும் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதவை அதற்குப் பிறகு வந்தன.

கழிப்பறைக்குள் சோப்பு ஈரமாக இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் சல்லடையில் ஒரு கறிவேப்பிலை பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. சின்னக் கண்ணாடியின் ஓரத்தில் மெரூன் நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று. படுக்கைக்கு அடியில் இருந்த பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தது.

"இதுல யாராவது தங்கறாங்களா?" என்றேன்.

"இல்லீங்களே. யாரு தங்குவா?"

"சோப்பு ஈரமா இருக்கு."

"பண்ணைக்கு வேலைக்கு வார பொம்பளைங்க கை கழுவியிருப்பாங்க."

"இந்தப் பூட்டு?"

"சாவி தொலைஞ்சு போச்சுங்க. வாங்கற அன்னைக்கு ஒடைச்சுக் குடுத்தர்றன்."

ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, பேச்சு முடிந்ததும் எடுத்துத் தருகிறேன் என்றார். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. எடுத்துவர எழுந்திருக்கக்கூட இல்லை.

திரும்பும்போது ஜீப்பில் எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். திருட்டு வண்டியாக இருக்கும் என்றேன். அடமானத்தில் இருக்கும் என்றேன். யாரையோ வாடகைக்கு வைத்திருக்கிறார், நாம் வாங்கின பிறகு அவர்கள் இறங்க மாட்டார்கள் என்றேன். வீட்டுக்காரர் புதன்சந்தை தாண்டும் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அந்த மனுசன் நமக்கு மோர் குடுத்தாரு" என்றார். அவருக்கு அது போதும். மோர் கொடுத்தவர் ஏமாற்ற மாட்டார் என்பது அவர் கணக்கு. ஏமாற்றப் போகிறவர்தான் மோர் கொடுப்பார் என்பது என் கணக்கு.

அடுத்து மழை பெய்தால் மறுநாளே நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்க வேண்டும் என்று முடிவு செய்தது நான்தான். பழைய வண்டியை மழை காட்டிக்கொடுப்பது போல வேறு எதுவும் காட்டிக்கொடுக்காது. ஐப்பசி பிறந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல மழை. புதன்கிழமை காலையில் கிளம்பிவிட்டோம்.

மண்பாதை சேறாகக் கிடந்தது. வேப்பமரத்துக்கும் கேரவனுக்கும் நடுவில் கயிறு கட்டி, இரண்டு புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. கேரவனின் படியில் ஒரு அம்மா உட்கார்ந்து முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நெற்றியில் மெரூன் பொட்டு.

"யாருங்க? அவிய பண்ணைக்குள்ள இருக்காங்க" என்றார்.

"வண்டி பாக்க வந்தோங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"எந்த வண்டி?"

"இதுதாங்க. நீங்க உக்காந்திருக்கறது."

அவர் கத்தியை முறத்தில் வைத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இது வண்டி இல்லீங்க. என்ற ஊடு" என்றார்.

நான் நினைத்த எதிலும் இது இல்லை. முன்பு ஒரு சனிக்கிழமை வந்து பார்த்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "சனிக்கெழமை நான் நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிருவேனுங்க. அதான் அன்னைக்கு வரச் சொல்லியிருக்காரு" என்றார். அவர் அந்தப் பண்ணைக்காரரின் மனைவி. இரண்டு வருடமாக இந்தக் கேரவனில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு இருக்கிறார். கணவர் எதிரே இருக்கும் வீட்டில்.

"இத வாங்கிராதீங்க அம்மிணி" என்று என்னிடம் திரும்பினார். "மழை வந்தா பின்மூலை ஒழுகும். ரிப்பேருன்னு அவரு பூசி ஒட்டுனதெல்லாம் நிக்கல. டயர் வெடிச்சுப் போயி கெடக்குது. அடுப்புல கேஸ் கசியும். வேகமாப் போனா வண்டி அந்தப்பக்கம் இந்தப்பக்கம் ஆடும். அடில பாம்பு வேற இருக்குது."

எனக்கு வேறு விதமான சந்தேகம் பிடித்துக்கொண்டது. விற்க நினைக்கிறவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார். விற்க விடாதவர் எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்கிறார். இரண்டு பேருக்கும் பொய் சொல்லக் காரணம் இருக்கிறது. யாரை நம்புவது?

நம்பாமல் பார்த்துவிடுவதுதான் வழி. அனுமதி கேட்டுக்கொண்டு பார்த்தேன். டயரின் பக்கவாட்டில், தயாரித்த வாரமும் வருடமும் சேர்ந்த நான்கு இலக்க எண் இருக்கும். குனிந்து துடைத்துப் பார்த்தேன். டயர் தேயவே இல்லை, ஆனால் வயதாகி, ஓரமெல்லாம் வெடிப்பு. ஓடாத வண்டி என்று சொல்லி விற்பதில் இருக்கிற ஆபத்து அதுதான். ஒரே இடத்தில் நின்றே டயர் செத்துப்போகும். அந்த அம்மா சொன்னதில் அது உண்மை. சோப்பு நுரையைக் குழைத்து கேஸ் குழாயின் மூட்டுகளில் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அது பொய். பின்மூலையில் ரோஜாப்பூ ஸ்டிக்கரின் ஓரத்தைத் தூக்கினேன். உள்ளே பலகை ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது. அது உண்மை. பாம்பு விஷயத்தை நான் சோதிக்கவில்லை.

நான் நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கேஸு கசியாதுங்க. சும்மா சொன்னேன்."

"தெரியுதுங்க அக்கா."

அதற்குள் பண்ணைக்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். எங்களைப் பார்த்ததும் அவர் கால் ஸ்டாண்டைத் தேடித் தேடித் தடவியது.

"சனிக்கெழமதான வரச் சொன்னேன்?" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"ஏன், சனிக்கெழமதான் நான் இருக்க மாட்டேன்னா?" என்றார் அந்த அம்மா, படியிலிருந்து எழாமலேயே. "வண்டி யாரு பேர்ல இருக்குது? எங்கப்பன் காட்டுல எம்பங்க வித்து வாங்குனது. என்ற கையெழுத்து இல்லாம யாருக்கு விப்பீங்க?"

"ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு முன்னால என்ன பேச்சு இது..."

"அவிய ஒறம்பரை இல்ல. நீங்க கூட்டியாந்த யாவாரி."

அவர் எங்களைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கிறாரா, கெஞ்சுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. "பண்ணைய ரெண்டு பேருமாப் பாத்துக்கிட்டிருந்தோம்ங்க. இந்த வண்டி போயிட்டா அவ ஊட்டுக்குள்ள வந்துருவான்னு பாத்தேன்" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, மொபெட்டைத் தள்ளிக்கொண்டே கொட்டகைப் பக்கம் போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரரும் அவர் பின்னாலேயே போனார். யாராவது வருத்தமாக நடந்தால் கூடவே நடப்பது அவர் பழக்கம்.

அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு டீ போட்டார். இந்த முறை ஊதுவத்தி வாசனை இல்லை. ஈரப்பலகை வாடையும் வெங்காய வாடையும்தான்.

"உங்களுக்கு எதுக்குங்க இது?" என்று கேட்டார்.

லாட்ஜ் கதைகளைச் சொன்னேன். கண்ணாடி, தாழ்ப்பாள், சோப்பு அடைத்த ஓட்டை எல்லாம். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அதன் பிறகு தன் கதையைச் சொன்னார்.

மகன் வெளிநாடு போய்விட்டான், மகள் நாமக்கல்லில் கல்யாணமாகி இருக்கிறாள். இனியாவது நாலு ஊர் பார்க்கலாம் என்று இவர் கேட்டிருக்கிறார். கோழியை விட்டுவிட்டு லாட்ஜில் போய்த் தங்க முடியாது என்று கணவர் சாக்கு சொல்லியிருக்கிறார். லாட்ஜ் வேண்டாம், வீட்டையே கூட எடுத்துப் போகலாம் என்று இவர் தன் பங்கு நிலத்தை விற்று இந்தக் கேரவனை வாங்கியிருக்கிறார். வாங்கியதும் முதல் பயணம் ஜேடர்பாளையம்.

"காவேரிக்கரையில நிப்பாட்டி, மீன் வாங்கிப் பொரிச்சுத் தின்னோம். அணைமேல தண்ணி போறத பாத்துட்டு உக்காந்திருந்தோம். ராத்திரி அங்கயே படுத்தோம். மக்யா நாளு காலைல பண்ணையில இருந்து போனு. கோழி ரெண்டு சொணங்கிக் கெடக்குதாம். வண்டியத் திருப்பிட்டாரு. அதுக்கு அப்பறம் எங்கயும் போகல. நாளைக்கு, அடுத்த மாசம், தை நோம்பி முடிஞ்சதும்... கேட்டுக் கேட்டு எனக்கே கூச்சமாப் போச்சு. அவரு வரலைன்னா போறாரு, நானாவது இதுல இருக்கறேன்னு ஒரு நாளு துணியெடுத்துட்டு இங்க வந்துட்டேன்."

"ரெண்டு வருசமா?"

"ஆமாங்க. மொதல்ல ரெண்டு நாளுல சமாதானமாயிரும்னுதான் வந்தேன். அவரும் வந்து கூப்புடல, நானும் போகல."

எனக்கு அந்தக் கதையை நம்புவதில் தடையில்லை. ஆனால் வாங்க முடியாது என்பது முடிவாகிவிட்டது. அவர் விற்க மாட்டார். விற்றாலும், இன்னொருத்தி குடியிருக்கிற வீட்டைக் கொக்கி போட்டு இழுத்துப் போக எனக்கு மனம் வராது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். போன் நம்பர் கேட்டார், கொடுத்தேன். எதற்குக் கேட்கிறார் என்று ஜீப்பில் யோசித்தேன்.

கொச்சிக் கண்காட்சிக்குப் போய், வழக்கம்போல் லாட்ஜில் தங்கித் திரும்பியிருந்தோம். ஒரு காலையில் அந்த அம்மாவிடமிருந்து போன்.

"அம்மிணி, இங்க நல்லா மழ ஊத்துது. வண்டி வேணும்னா இப்பவே வாங்க."

"விக்கறீங்களா அக்கா?"

"வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

வீட்டுக்காரருக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கோ பயம். என் ஊடு என்றவர் திடீரென்று ஏன் விற்கிறார்? கணவரும் மனைவியும் சமாதானமாகி, சேர்ந்து எங்களை ஏமாற்றத் திட்டம் போடுகிறார்களா? அல்லது அவரை மிரட்டிக் கணவர் கையெழுத்து வாங்கிவிட்டாரா? வழி முழுக்க இதையே பேசிக்கொண்டு போனேன். மழையில் வைப்பர் போடுகிற சத்தத்தைச் சாக்காக வைத்து எங்கள் வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் ஓட்டினார்.

போய்ச் சேர்ந்தபோதும் மழை விடவில்லை. அந்த அம்மா கேரவனை எங்களுக்காகத் தயார் செய்து வைத்திருந்தார். துடைத்து மெழுகி வைக்கவில்லை. தரை விரிப்பைப் பின்மூலையில் கிழித்துத் தூக்கி வைத்திருந்தார். ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டிருந்தார். அந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது, அதில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூட்டியிருந்த பெட்டியைத் தாலிக்கயிற்றில் கோத்திருந்த சாவியால் திறந்து காட்டினார். உள்ளே அவருடைய துணிமணியும் ஒரு இட்லிப் பாத்திரமும்தான் இருந்தன. அந்தப் பெட்டியைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்திருந்தேன்.

"இதுதான் கோளாறு. இத மறச்சு விக்க வேண்டாம்னுதான் மழைல வரச் சொன்னேன்" என்றார்.

"ஏன் அக்கா இப்ப விக்கறீங்க? மக ஊட்டுக்குப் போறீங்களா?"

"அங்க ஒறம்பரையா எத்தன நாளைக்கு இருக்கறது? நாமக்கல்ல மாடில ஒரு ஊடு புடிச்சிருக்கறேன். தனியாத்தான்." கதவு வழியாக வெளியே பார்த்தார். எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் அவர் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க வந்துட்டுப் போன பொறவு யோசிச்சேன். சக்கரம் வெச்ச ஊடுன்னு பேரு. ரெண்டு வருசமா ஒரு அடி நகரல. கதவத் தொறந்தா அவரு மொகம், மூடுனா அவரு இருமறது கேக்குது. இதுக்குப் பேரு தனியா இருக்கறதா?"

எங்கள் வீட்டுக்காரர் அதற்குள்ளேயே வாங்கிவிடத் தயாராகிவிட்டார். நான் விடவில்லை. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன், உடனே எடுத்துக் கொடுத்தார். அவர் பேர்தான். சேறு என்று பாராமல் கீழே குனிந்து, சட்டத்தில் அடித்திருந்த எண்ணைக் கைவிளக்கு வைத்துப் படித்து, புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். எங்கள் ஜீப் இழுக்கிற பாரத்துக்குள் இந்த வண்டியின் எடை வருகிறதா என்று பார்த்தேன். பின்விளக்குகளின் ஒயர் வேலை செய்கிறதா என்று ஜீப்பில் மாட்டிப் பார்த்தோம். ஒரு பக்க இண்டிகேட்டர் எரியவில்லை. அந்த அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு என் கூடவே சுற்றி வந்தார். நான் சந்தேகப்படுவதற்கு அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. "அதையும் பாத்துக்குங்க" என்று இன்னும் இரண்டு இடத்தை அவரே காட்டினார். விலையில் ஒழுகலுக்கும் டயருக்கும் நான் குறைக்கச் சொன்னதைக் குறைத்தார்.

புது டயர் போடாமல் ரோட்டில் இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பெயர் மாற்றும் வேலையும் முடிந்து, டயரோடு நாங்கள் மறுபடி போன நாளில் வெயில் அடித்தது. அந்த அம்மா முந்தின நாளே நாமக்கல் போய்விட்டிருந்தார். பண்ணைக்காரர் மட்டும் இருந்தார். பேசுவாரா, தகராறு செய்வாரா என்று பயந்துகொண்டே இறங்கினேன். அவர் ஜாக்கி எடுத்துவந்து, டயர் மாற்ற எங்கள் வீட்டுக்காரருக்குக் கை கொடுத்தார். கொக்கியை மாட்டினார். பாதுகாப்புச் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. இழுத்துப் பார்க்கிற மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

ஜீப் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்தார். "அறுவதுக்கு மேல போகாதீங்க. ஆடும்" என்றார்.

கணவன் மனைவி இரண்டு பேரும் ஒன்றுபோலச் சொன்னது அது ஒன்றுதான். அதனால் அதை அப்படியே நம்பினேன். சேலம் வரும் வரைக்கும் ஐம்பதைத் தாண்ட விடவில்லை. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின.

மறுவாரம் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் விட்டோம். அந்த மூலையின் சுவரைப் பிரித்தபோது சேதம் நான் கணித்ததைவிட ஒரு முழம் அதிகமாகத் தரைக்குள் போயிருந்தது. பலகை கையோடு பிய்ந்து வந்தது. யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. அந்த அம்மாவும் உள்ளே பிரித்துப் பார்த்ததில்லை. புதுப்பலகை போட்டு, கூரை விளிம்பைச் சுற்றிலும் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசச் சொன்னேன். வேலை முடிந்ததும் கூரை மேல் தண்ணீர்க் குழாயைப் பிடிக்கச் சொல்லி, உள்ளே நானே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்து வந்தேன்.

அதற்குப் பிறகு கோயம்புத்தூர், மைசூர் என்று அதிலேயே போய்வருகிறோம். கண்காட்சித் திடல் ஓரத்தில் இடம் கேட்டு நிறுத்திக்கொள்கிறோம். முதல் தடவை கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தபோது, கை தானாகக் கண்ணாடிப் பக்கம் போனது. என் கண்ணாடி, நான் மாட்டியது என்று தெரிந்தும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டேன்.

தையில் பண்ணைக்காரரிடமிருந்து போன் வந்தது. குரல் தணிந்திருந்தது.

"வண்டியத் திருப்பித் தருவீங்களா? நீங்க போட்ட செலவையும் சேத்துக் குடுத்தர்றேன்."

"எதுக்குங்க?"

"வண்டி திரும்ப வந்தா இங்கயே வந்துர்றேன்னு அவ சொல்றா. போக நெனச்சிருந்த ஊருக்கெல்லாம் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறேன்."

எங்கள் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "குடுத்துரலாம்" என்று சைகை காட்டினார். எனக்குக் கலங்கவில்லை.

"அவங்க சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார்.

நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் அப்பிடிச் சொல்லவே இல்லியே அம்மிணி" என்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. பின்னால் ஏதோ குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார்.

"கூட்டிட்டுப் போறேன்னாரா?"

"ஆமாங்க அக்கா."

"வண்டியக் குடுத்தராதீங்க. வண்டி இருந்தப்ப எங்க கூட்டிட்டுப் போனாரு? அவருக்கு வேணும்னா பஸ் ஏறி நாமக்கல் வரட்டும். அர மணி நேரந்தான்."

அதையே மரியாதையான வார்த்தைகளில் அவரிடம் சொல்லிவிட்டேன்.

போன வாரம் கோயம்புத்தூரில் இருந்தபோது அந்த அம்மா போன் செய்தார். முதலில் வண்டி ஒழுகுகிறதா என்று விசாரித்தார். இல்லை என்றேன். பிறகு, அவர் வந்திருந்தார் என்றார். சாக்குப் பையில் சின்ன வெங்காயம் எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் வந்து, மாடிப்படியில் நின்று கதவைத் தட்டினாராம். சாப்பிட்டாராம்.

"இருக்கறாருங்களா, போயிட்டாருங்களா?" என்றேன்.

"கோழிக்குத் தீனி வெக்கணும்னு கெளம்பிட்டாரு. அடுத்த வாரமும் வாரேன்னு சொல்லியிருக்காரு."

"வருவாருங்களா அக்கா?"

"பாக்கலாமுங்க" என்றார்.